லவ்ஜாயின் ஆசிரியப் பணியும் கருத்து வரலாறும்

கருத்து வரலாற்றைத் தனித்துறையாக நிலைநிறுத்தியோருள் ஆர்தர் லவ்ஜாய் (1873-1962) தலையாயவர். அவர்தம் ஆய்வு நெறியை அவர் மேற்கொண்ட ஆசிரியப் பணியோடு இயைத்து நோக்குதல் வேண்டும் என்பது எம் துணிபு.

ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸிடம் பயின்ற அவர், 1899-இல் ஸ்டான்போர்டில் மெய்ப்பொருளியல் ஆசிரியரானார். மறு ஆண்டே, அப்பல்கலைக்கழகத்தை நிறுவியோருள் ஒருவராகிய ஜேன் ஸ்டான்போர்டு அம்மையாரின் வற்புறுத்தலால், எட்வர்டு ராஸ் என்னும் பேராசிரியர் பதவி இழந்தார். டிராம் வண்டிகள் நகராட்சியின் உடைமையாதல் வேண்டும் என்றும், சப்பானியர் குடியேற்றம் தடுக்கப்படல் வேண்டும் என்றும் அவர் பேசியமை அம்மையாரைச் சினமூட்டிற்று. பின்னைய கருத்து யாம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும், கருத்தின் தகுதி வேறு. அதனைக் கூறும் ஆசிரியரின் உரிமை வேறு. லவ்ஜாய் 1901-இல் தம் பதவியைத் துறந்தார்.

பின்னர்ச் சில இடங்களிற் கற்பித்து, 1910 முதல் 1938 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விளங்கினார். 1915-இல் ஜான் டூயி முதலியோருடன் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

அவர் நெறியின் உயிர்நிலை பகுத்தல் ஆகும். ஒரு சொல்லுள் ஒன்றோடொன்று முரணும் பல பொருள்கள் ஒளிந்திருத்தலை அவர் பொறுப்பதில்லை. 1908-இல் ‘பயன்வழிக் கொள்கை’ என்ற ஒரு பெயரின்கீழ்ப் பதின்மூன்று கொள்கைகளைப் பிரித்துக் காட்டினார். 1924-இல் ‘ரொமாண்டிசிசம்’ என்பதும் ஒன்றன்று, பல என்றார். 1936-இல் வெளிவந்த ‘இருப்பின் பெருஞ்சங்கிலி’ என்னும் நூலில், நிறைவு, தொடர்ச்சி, படிநிலை என்னும் மூன்று கருத்துகளைப் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டிறுதி வரையும் அதற்கப்பாலும் பின்தொடர்ந்தார். வேதியியலார் கூட்டுப்பொருளைத் தனிமங்களாகப் பிரித்தல் போன்றதே இம்முறை. காலந்தோறும் மாறாத ‘அலகுக் கருத்து’ உண்டோ என 1969-இல் குவென்டின் ஸ்கின்னர் வினவினார். வன்மையான வினாவே அது. ஆயினும் பகுத்தறியும் பயிற்சியை அது வீழ்த்திவிடவில்லை.

இப்பயிற்சி பெற்றவரே 1949-இல், பொதுவுடைமைக் கட்சி உறுப்பினரை ஆசிரியராக அமர்த்தலாகாது என எழுதினார். கட்சிக்கு அடிமைப்பட்டார் ஆய்வுரிமையைத் தாமே கைவிட்டார் என்பது அவர் வாதம். அவர் தோற்றுவித்த சங்கமோ, உறுப்பினராதல் ஒன்றே பதவி நீக்கத்திற்குக் காரணமாகாது எனக் கொண்டிருந்தது. கட்சியில் சேர்தலும் சிந்தனையை ஒப்படைத்தலும் ஒன்றோ? பதின்மூன்றாகப் பகுத்தவர் இங்கு இரண்டாகவும் பகுத்திலர். 1901-இல் அவர் கைக்கொண்ட நெறி, சங்கத்தினிடமே எஞ்சி நின்றது.