ஐரிஷ் குரோஷே லேஸ்: பூத்துண்டுகளைத் தட்டையாகப் படிய வைத்த கலையின் வரலாறு

ஐரிஷ் குரோஷே லேஸ் என்பது பூ, இலை, கொடி போன்ற துண்டுகளைக் கொக்கி ஊசியால் தனித்தனியே பின்னி, பின்னர் அவற்றை வலைப்பின்னலால் இணைத்து உருவாக்கப்படும் பருத்தி நூல் லேஸ் வகையாகும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், பெரும்பஞ்சக் காலத்தில், அயர்லாந்தில் இது குடிசைத் தொழிலாக வளர்ந்தது. வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு கைகள் பின்னிய துண்டுகள் ஒரே கழுத்துப்பட்டியில் சேர்ந்தபோது, அவை குவியாமலும் சுருங்காமலும் அலையலையாக எழாமலும் படிந்து கிடக்க வேண்டியிருந்தது. படியாத லேஸை உடையில் தைக்க முடியாது. அதற்கு விலையும் இல்லை. எனவே துண்டுகளைத் தட்டையாக்கும் வேலை கடைசியில் இஸ்திரி போடும்போது அல்ல, முதல் கண்ணியிலேயே தொடங்கியது.

பஞ்சமும் கொக்கி ஊசியும்

1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. ஏழை மக்களின் முதன்மை உணவே உருளைக்கிழங்குதான் என்பதால், அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் இறந்தனர். அதே அளவிலோ அதற்கு மேலோ மக்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். 1841-இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1851-இல் ஏறத்தாழ 65 லட்சமாகக் குறைந்தது.

நிலமும் பயிரும் கைவிட்ட நிலையில், வீட்டிலிருந்தபடியே பெண்கள் செய்யக்கூடிய வேலை தேடப்பட்டது. கார்க் நகரின் பிளாக்ராக் பகுதியில் இருந்த உர்சுலைன் கன்னியர் மடம், குரோஷே கற்பித்த தொடக்கக்கால மையங்களுள் ஒன்று. வடக்கே மொனகன் மாவட்டத்தின் குளோன்ஸ் ஊரில், அங்கிருந்த ஆங்கிலிக்கன் குருவின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் 1847-இல் இத்தொழிலைத் தொடங்கிவைத்தார். கார்க்கும் குளோன்ஸும் இதன் இரு பெரும் மையங்களாயின.

17-ஆம் நூற்றாண்டின் வெனிஸ் நகர ஊசி லேஸே இதற்கு முன்மாதிரி. அந்த லேஸைத் தைக்க மிக நீண்ட காலம் பிடிக்கும். அதே புடைப்பான தோற்றத்தைக் கொக்கி ஊசி பல மடங்கு விரைவாகத் தந்தது. தேவைப்பட்ட முதலீடு ஒரு கொக்கியும் ஒரு நூல்கண்டும் மட்டுமே.

தட்டையின் கணக்கு

வட்டமான துண்டு நடுவிலிருந்து சுற்றுச்சுற்றாக வெளியே வளர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவு கூடுகிறது. வட்டத்தின் சுற்றளவு ஆரத்தைப் போல் 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு. ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே சுற்றளவு 6.28 கண்ணி உயரம் அளவு கூடியாக வேண்டும். சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். எனவே ஒரு சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டினால் போதும். எஞ்சும் சிறு குறையை நூலின் நெகிழ்ச்சி ஈடுசெய்துவிடும். இதனால்தான் தட்டையான வட்டத்தின் சுற்றுகள் 6, 12, 18, 24, 30 என்று வளர்கின்றன. டபுள் குரோஷே எனப்படும் நெட்டைக் கண்ணி ஏறத்தாழ இருமடங்கு உயரம் கொண்டது. அதற்குச் சுற்றுக்கு 12 கண்ணிகள் கூட்ட வேண்டும்.

இக்கணக்கு தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும். கண்ணிகள் குறைந்தால் விளிம்பு உள்ளிழுக்கப்பட்டுத் துண்டு கிண்ணம்போல் குவியும். கண்ணிகள் மிகுந்தால் இடம் போதாமல் விளிம்பு மடிப்பு மடிப்பாக எழும். 6, 12, 24, 48 என்று ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காக்கினால் நான்காம் சுற்றிலேயே இந்த அலையைக் காணலாம்.

1840-களில் ரியேகோ டி லா பிராஞ்சார்தியேர் என்ற பெண்மணி வெளியிடத் தொடங்கிய பின்னல் நூல்கள் இத்தகைய எண்ணிக்கைகளைச் சொற்களாலேயே விவரித்தன. எழுதப் படிக்கத் தெரியாத கிராமப் பெண்களோ மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் வைத்து, கண்ணிகளை எண்ணிப் பார்த்தே கற்றுக்கொண்டனர்.

நிரப்பு நூல்

ஐரிஷ் பூக்களின் புடைப்புக்குக் காரணம், கண்ணிகளுக்கு உள்ளே செல்லும் தடித்த நிரப்பு நூல். பின்னுபவர் அந்த நூலின் மேலேயே கண்ணிகளைப் போட்டுச் செல்வார். நூலைச் சற்று இழுத்தால் இலையின் விளிம்பு வளையும், தளர்த்தினால் நிமிரும். அளவுக்கு மேல் இழுத்தால் துண்டு குவிந்துவிடும். கண்ணிகளை நெருக்கித் திணித்தால் விளிம்பு நெளியும். ஒவ்வொரு இதழையும் முடித்தவுடன் துண்டை மேசைமேல் வைத்துப் பார்த்து, நிரப்பு நூலைச் சரிசெய்த பிறகே அடுத்த இதழுக்குச் செல்ல வேண்டும். நூலை முடிச்சிட்டு வெட்டிய பின் இதைத் திருத்த வழியில்லை.

இங்கே தட்டை என்பது முழுத்துண்டும் தகடுபோல் கிடப்பதைக் குறிப்பதன்று. ஐரிஷ் ரோஜாவில் இதழ்கள் இரண்டு மூன்று அடுக்குகளாக மேலெழுந்து நிற்கும். அடித்தளம் மட்டுமே தட்டையாக இருக்க வேண்டும்.

அடித்துணியும் வலையும்

ஒரு குடும்பம் ரோஜாவும், மற்றொரு குடும்பம் திராட்சைக் குலையும், வேறொன்று மூவிலைத் தழையும் என்று ஒவ்வொன்றில் தேர்ச்சி பெற்றன. சில குடும்பங்கள் தங்கள் பூவின் பின்னல் முறையை அயலாருக்குக் காட்டாமல் காத்தன. ஆனால் ஒருவர் கை இறுக்கமானது, மற்றவர் கை தளர்வானது. இந்த வேறுபாட்டைச் சமன் செய்தது அடித்துணி.

கெட்டியான துணியில் கழுத்துப்பட்டியின் முழு உருவமும் வரையப்படும். பூத்துண்டுகளை முகம் கீழாகக் கவிழ்த்து, அந்தந்த இடத்தில் தற்காலிக ஓட்டுத்தையலால் பொருத்துவார்கள். நடுவில் மட்டும் தைத்தால் விளிம்பு எழும். எனவே விளிம்பைச் சுற்றியும் தைப்பார்கள். பிறகு துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களைச் சங்கிலிக் கண்ணிகளால் வலையாக நிரப்புவார்கள். குளோன்ஸில் இந்த வலையின் இடையிடையே நூலைப் பலமுறை சுற்றிப் போடும் உருண்டை முடிச்சுக்குக் குளோன்ஸ் முடிச்சு என்றே பெயர்.

வலைக்கு நிலையான எண்ணிக்கை கிடையாது. இரு இலைகளுக்கு இடையே ஐந்து கண்ணிகள் தேவைப்படும் இடத்தில் நான்கு போட்டால், தையலைப் பிரித்ததும் இலைகள் ஒன்றையொன்று இழுத்துக் குவியும். ஆறு போட்டால் வலை தொய்யும். இதைக் கண்ணளவில் முடிவு செய்யும் திறமையே, சிதறிய துண்டுகளை ஓர் உடையாக மாற்றியது. வலை முழுதும் முடிந்த பிறகுதான் தையல் பிரிக்கப்படும்.

துவைத்தலும் இஸ்திரியும்

கரிப்புல் எரிந்த புகைசூழ்ந்த குடிசைகளில் பின்னப்பட்ட லேஸை விற்பனைக்கு முன் துவைக்க வேண்டியிருந்தது. அத்துவைப்பே அதற்கு இறுதி வடிவத்தையும் தந்தது. பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. நனையும்போது இழையின் மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் தளர்கின்றன. உலரும்போது, எந்த நிலையில் இழுத்துப் பிடிக்கப்பட்டதோ அந்நிலையில் அவை மீண்டும் இறுகுகின்றன. ஆகவே ஈர லேஸைக் குண்டூசிகளால் அளவுக்கு இழுத்துக் குத்தி உலரவிட்டால் அது படியும். கஞ்சி அந்த வடிவத்திற்கு விறைப்பூட்டும். இஸ்திரி போடும்போது தடித்த மெதுவான துணியின்மேல் லேஸைக் கவிழ்த்து, பின்புறமாகவே அழுத்துவார்கள். முன்புறம் அழுத்தினால் இதழ்கள் நசுங்கி, உழைப்பு வீணாகும்.

நனைத்து உலர்த்துவது சிறு நெளிவுகளை மட்டுமே நீக்கும். கண்ணிக் கணக்குத் தவறிய துண்டு அடுத்த துவைப்பில் மீண்டும் குவியும்.

இயந்திரத்தின் போட்டி

1880-களில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனிலும் ஜெர்மனியின் பிளாவனிலும் இரசாயன லேஸ் உருவாயிற்று. ஒரு துணியின்மேல் இயந்திரத்தால் பூவேலை செய்து, பின் அத்துணியை மட்டும் இரசாயனத்தால் கரைத்துவிடுவர். பூவும் இணைப்பும் ஒரே துணியில் அமைவதால், துண்டுகளைப் படிய வைக்கும் சிக்கலே அங்கு எழவில்லை. ஐரிஷ் வடிவங்களின் நகல்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. தனியே எழுந்து நிற்கும் அடுக்கு இதழ்களை மட்டும் இயந்திரத்தால் தர இயலவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரிஷ் குரோஷே உடைகள் நாகரிக உலகில் உச்சப் புகழ் பெற்றன. 1914-இல் தொடங்கிய உலகப்போரும் மாறிய உடைப் பாணியும் அந்தச் சந்தையைக் குலைத்தன.

கணிதத்தில்

பின்னுபவர்கள் தவிர்க்க முயன்ற அலை விளிம்பு பின்னாளில் கணிதத்திற்குப் பயன்பட்டது. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாத்வியாவைச் சேர்ந்த கணிதவியலாளர் டைனா டைமினா, குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை தவறாமல் ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே பின்னினார். விளைந்த நெளிவு மிக்க பரப்பு, ஹைபர்போலிக் தளம் எனும் வடிவியல் கருத்தின் மாதிரியாயிற்று. முன்பு வழக்கிலிருந்த காகித மாதிரிகள் எளிதில் கிழிபவை. நூல் மாதிரியை மாணவர்கள் மடித்தும் விரித்தும் கற்க முடிந்தது.

இன்று

குளோன்ஸில் இக்கைவினை இன்றும் கற்பிக்கப்படுகிறது. பூக்களைத் துணியில் கவிழ்த்துத் தைத்து, இடைவெளியைக் கண்ணால் அளந்து வலை பின்னும் முறை மாறவில்லை. பஞ்ச காலத்தில் இவ்வேலையின் வருமானம் பல குடும்பங்களுக்கு உணவாகவும் வாடகையாகவும், வெளிநாடு செல்லும் பிள்ளையின் கப்பல் கட்டணமாகவும் ஆனது. அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் கழுத்துப்பட்டிகளில் அவற்றைப் பின்னிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.