நகரும் வீட்டில் ஒரு குளியலறை



பள்ளிப் பணிகள் மிகுந்திருந்தமையால் இப்பக்கத்தில் எழுதிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்று எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். கழிப்பறையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதுவும் சக்கரத்தின் மேல் ஓடும் கழிப்பறையைப் பற்றி!

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தோடு பெர்த் நகருக்குச் சென்றோம். என் தம்பி அங்கே வசிக்கிறான். பெர்த்திலிருந்து தெற்கே ஆல்பனி வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்துக் காரின் பின்னால் பூட்டி, வழியில் தங்கித் தங்கிப் போகலாம் என்பது அவன் திட்டம். "அக்கா, என் கார் சின்னது. எடை குறைந்த கேரவனாகப் பார்த்துச் சொல்லு," என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினான். அம்மா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"உள்ளேயே கக்கூஸும் குளிக்கிற இடமும் இருந்தா வர்றேன். இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க."

கேரவன் பூங்காக்களில் பொதுக் குளியலறைகள் தூய்மையாக இருக்கும் என்று தம்பி எவ்வளவோ எடுத்துச் சொன்னான். "ராத்திரியில டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு வெளியே போற வேலை எனக்கு இனிமே வேண்டாம்ப்பா" என்று அம்மா முடித்துவிட்டார். 'இனிமே' என்ற அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறதல்லவா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழாசிரியருக்கு அந்தப் பழக்கம் போகாது. 'கேரவன்' பாரசீகத்திலிருந்து வந்தது. பாலை வழியே கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவைக் குறித்த சொல் அது. நாளடைவில் ஐரோப்பாவில் மூடுவண்டிக்குப் பெயராகி, தலை வெட்டுண்டு 'வேன்' என்றும் ஆயிற்று. நம் பள்ளி வாசலில் மாலையில் வரிசை பிடித்து நிற்கும் வேன்களெல்லாம் அந்தப் பாலைவனக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள்தாம். வணிகர் குழுவுக்குப் பழந்தமிழில் 'சாத்து' என்று பெயர். கோவலனின் தந்தை மாசாத்துவான், பெருஞ்சாத்தின் தலைவர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்றவர். 'கக்கூஸ்' என்பதோ டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். இன்று அதைக் கொச்சை என்று ஒதுக்குகிறோம். அம்மாவுக்கு அதுதான் இயல்பான சொல்.

இன்பப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் உருவானது. பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலையொன்று அதைச் செய்து கொடுத்தது. உரிமையாளர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படையில் மருத்துவராக இருந்து, பின்னர்ச் சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் எழுதியவர். 'நாடோடி' என்று பெயர் சூட்டிய அந்த வண்டியில் ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை சென்று வந்து, பயண நூலும் எழுதினார். உயர்ந்த மரவேலைப்பாடும் நூலடுக்கும் கொண்ட அவ்வண்டியின் எடை ஏறத்தாழ இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரைகள். குறுகிய பாதையில் எதிரே வருவோரை எச்சரிக்க, அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்றாராம். இவ்வகைப் பயணத்தில் உரிமையாளரின் சுமையை வேறு யாராவது அல்லது எதுவாவது சுமந்தாக வேண்டும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

மோட்டார் கார் வந்த பின்பே எடையைக் குறைக்கும் எண்ணம் தீவிரமாயிற்று. 1934இல் அமெரிக்காவில் ஹாலி பௌலஸ் என்பவர் பளபளக்கும் அலுமினியத் தகடுகளால் ஒரு கேரவன் செய்தார். இயந்திரமில்லாத சறுக்கு விமானங்களைக் கட்டியவர் அவர். ஒவ்வொரு கிலோவையும் எண்ணிப் பார்க்கும் கை! அதே வழியில் வால்லி பயாம் என்பவரின் ஏர்ஸ்ட்ரீம் வண்டிகள் 1936இல் புகழ்பெறத் தொடங்கின. வண்டி இலேசாயிற்று, அழகும் கூடிற்று. குளியலறை மட்டும் அவ்வளவு எளிதாக உள்ளே வந்துவிடவில்லை. தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஆகிய எதற்கும் வெளி இணைப்பை நம்பாமல் சில நாள்கள் தங்கக்கூடிய கேரவனை ஏர்ஸ்ட்ரீம் 1957இல்தான் கொண்டுவந்தது.

ஏன் இந்தத் தாமதம்? காரணம் தண்ணீரின் எடை. தகட்டை மெலிதாக்கலாம், கட்டிலை மடக்கலாம், மேசையைச் சுவரில் சாய்த்து வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மட்டும் எந்தப் பொறியாளராலும் மாற்ற இயலாது. எண்பது லிட்டர்த் தொட்டியை நிரப்பினால் கூடுதலாக ஓர் ஆளை ஏற்றியதற்குச் சமம். அந்த எண்பது லிட்டரும் பயன்படுத்திய பின் மறைந்துவிடுவதில்லை. அழுக்கு நீராகக் கீழ்த்தொட்டிக்குப் போகிறது. சிங்கப்பூரில் 2023இல் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 141 லிட்டர் பயன்படுத்தினார். ஆக, கேரவனின் முழுத் தொட்டி நம்மில் ஒருவருக்கே ஒரு நாளைக்குக் காணாது.

இதையெல்லாம் படித்த பிறகே தேர்வில் இறங்கினேன். தம்பியைப் போல் திட்டமிடுவோருக்கு உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வெற்று எடையைக் கண்டு மயங்காதீர்கள். தண்ணீர், எரிவாயு உருளை, அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் ஏற்றிய பின் அதிகபட்சமாக எவ்வளவு இருக்கலாம் என்று ஓர் எண் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். காரின் இழுதிறன் அதற்கு மேல் இருத்தல் வேண்டும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கியின் மேல் அழுத்துவது நல்லது. மிகக் குறைந்தால் வண்டி வாலாட்டும். ஆஸ்திரேலியாவில் மொத்த எடை 750 கிலோவுக்கு உட்பட்ட இழுவண்டிக்குத் தனி பிரேக் தேவையில்லை. ஆனால் அந்த எடைக்குள் கழிப்பறை, முகம் கழுவும் தொட்டி, பூவாளிக் குளியல் மூன்றும் அமைந்த கேரவன் கிடைப்பது அரிது. அதைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இறுதியில் நாங்கள் எடுத்ததில் மூன்றும் ஒரே சிற்றறைக்குள் இருந்தன. கழிப்பறையின் மீதே நீர் தெறிக்கக் குளிக்க வேண்டும். வெள்ளையர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பழைய வீவக வீட்டில் வளர்ந்த நமக்கோ அது சொந்த வீட்டுக்குத் திரும்பியதைப் போல் இருக்கும்!

தேர்வு முடிந்தது என்று எண்ணியிருந்தேன். படத்தைக் காட்டியபோது அம்மா கேட்டார்: "சரி, அதை யாரு எடுப்பா?"

கேரவனின் கழிப்பறைக்கு அடியில் ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று இருக்கும். நிறைந்ததும் வெளிப்புறச் சிறு கதவைத் திறந்து, அதை உருவி எடுத்துச் சென்று, அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். 1980களில் வந்த இந்த எளிய ஏற்பாடே சிறிய கேரவனுக்குள்ளும் கழிப்பறை நுழைய வழி செய்தது. நான் விளக்க விளக்க அம்மாவின் முகம் மாறிக்கொண்டே போயிற்று.

அம்மா வளர்ந்தது புக்கிட் தீமா ஏழாம் கல்லுக்கு அருகே ஒரு கம்பத்து வீட்டில். நாங்கள் இப்போது குடியிருக்கும் புக்கிட் பாத்தோக் அப்போது கல்லுடைக்கும் மலைகளும் காடுமாக இருந்தது. வெடி வைக்கும் ஓசை இருமல் போல் கேட்டதால் மலாயில் அப்பெயர் வந்ததென்பார் உண்டு. சிரட்டையைக் குறிக்கும் சாவகச் சொல் என்பாரும் உண்டு. இன்று லிட்டில் குயிலின் பூங்காவில் பிள்ளைகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த நீர்நிலையும் ஒரு கல்லுடைப்புக் குழியே. கம்பத்தில் கழிப்பறை வீட்டுக்கு வெளியே, பலகையால் அடைத்த சிறு அறை. பலகைக்குக் கீழே ஒரு வாளி. விடியுமுன் ஓர் ஆள் வருவார். பின்புறச் சிறு கதவைத் திறந்து நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு, காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். பக்கவாட்டில் சின்னச் சின்னக் கதவுகள் கொண்ட லாரி சாலையில் நிற்கும். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு வாளி. கேரவனின் வெளிப்புறக் கதவைப் படத்தில் பார்த்ததும் அம்மாவுக்கு நினைவு வந்தது அந்தக் கதவுதான்.

சுமப்பதற்கு ஆள் வைத்தே இவ்வூர் வளர்ந்தது. கிரேத்தா ஆயர் என்றால் தண்ணீர் வண்டி. குழாய் வராத காலத்தில் மாடுகள் இழுத்த தண்ணீரின் பெயரை அவ்வட்டாரம் இன்றும் தாங்கி நிற்கிறது. நகராட்சியின் சாலை, சாக்கடை, குப்பை வேலைகளில் நம் தமிழர் பெருந்தொகையினராக இருந்தனர். மலவாளி சுமந்தோரில் பெரும்பாலோர் சீனர். 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டே உலு பாண்டான் கழிவுநீர் நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுக்குமாடிகள் எழுந்த வேகத்தில் நிலத்தடியில் குழாய்களும் நீண்டன. ஆயினும் கடைசி வாளி எடுக்கப்பட்டது 1987 ஜனவரியில்தான். அதே ஆண்டு நவம்பரில் எம்ஆர்டி ஓடத் தொடங்கியது என்பதைத் தொடக்கநிலை நான்கு மாணவர்களிடம் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. ஒரு சிறுமி மட்டும், "அந்த அங்கிள் எங்க போய்க் குளிப்பாரு டீச்சர்?" என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை. பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒருமுறை இப்பேச்சை எடுத்துப் பாருங்கள்.

கடல் கடந்தால் கதை இன்னும் கசப்பானது. 1909இல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சாஹிப்கஞ்ச் இரயில்வே அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். வயிற்று உபாதையால் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கையில் வண்டி புறப்பட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்து, ஊரார் முன் மானம் போன கதை. டில்லி இரயில் அருங்காட்சியகத்தில் அக்கடிதத்தை வைத்திருக்கிறார்கள். படிப்பவர் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பின்னர் எல்லாப் பெட்டிகளிலும் கழிப்பறை வந்தது. ஆனால் அதன் அடியில் வெறும் ஓட்டைதான். விழுந்ததெல்லாம் தண்டவாளத்தில் கிடந்தது. அதைத் துப்புரவு செய்தோர் எச்சாதியினர் என்று சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், இன்னும் விரிவாக 2013இலும் இயற்றப்பட்டன. இந்தியப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு, நுண்ணுயிர்களால் கழிவைச் சிதைக்கும் தொட்டிகளை 2010களில்தான் இரயில்வே பரவலாகப் பொருத்தியது. ஒகில் பாபு ஓடி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்!

தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நிற்கும் நடிகரின் வண்டி நினைவுக்கு வரும். அதைப் பகட்டு என்று நானும் பரிகசித்ததுண்டு. மலையாளத் திரையுலகைப் பற்றிய நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024இல் வெளிவந்தது. படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறை இல்லாமல், தண்ணீர் குடிப்பதையே பெண்கள் தவிர்த்து வந்ததை அதில் படித்த பிறகு வாய் அடைத்துப்போயிற்று. என் அம்மாவும் அதைத்தானே செய்கிறார்? வெளியூர்ப் பயணம் என்றால் முந்திய நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார். ஜோகூர் பாரு போவதானாலும் அப்படித்தான். சிறுநீர்த் தொற்று வந்து ஒருமுறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதுவரை அதை அவருடைய பிடிவாதம் என்றே எண்ணியிருந்தோம்.

ஆல்பனி போகும் வழியில் அம்மா தாராளமாகத் தண்ணீர் குடித்தார். அதைக் கவனித்தது நான் மட்டுமில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பியும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்குக் குளியலறை விளக்கு எரிந்தது, அணைந்தது. யாரையும் எழுப்பவில்லை, வெளிக்கதவும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பெட்டி நிறைந்ததற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பி கையுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது நானே உருவி எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். பூங்காவின் கடைசியில் இருந்தது கொட்டும் இடம். அம்மா பின்னாலேயே வந்து நின்றார். நான் கொட்டி முடித்ததும் குழாயைத் தம் கையில் வாங்கி, பெட்டியின் மூடியைச் சுற்றிச் சுற்றிக் கழுவினார்.

"சீனப் புத்தாண்டுக்குப் பாட்டி அந்த ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சும் ஆங்பாவும் குடுப்பாங்க. நாங்க பிள்ளைங்க அவரு வந்தாலே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவோம்," என்றார். குழாயை மூடிவிட்டுச் சற்று நேரம் நின்றார். "அவரு பேரு கூட எனக்குத் தெரியாது."

பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காலிப் பெட்டியை வண்டிக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம்.