தோற்பது போல ஆடி ஜெயித்தவர்கள்

1961-ல் 'தி ஹஸ்லர்' என்று ஓர் அமெரிக்கப் படம் வந்தது. பால் நியூமன் நடித்தது. பிரெஞ்சில் அதற்கு 'லார்நாக்கர்', அதாவது ஏமாற்றுக்காரன் என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். பிற்பாடு அந்த ஆட்களின் சரித்திரத்தைப் படித்தபோது, அந்தப் பெயர் பாதிதான் சரி என்று தோன்றியது. எனக்கும் இதில் ஒரு சின்ன அனுபவம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

பூல் என்பது பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம். ஆறு குழி வைத்த மேசையில் கோலால் பந்தை அடித்து விழவைக்க வேண்டும். 'பூல்' என்ற சொல்லே பலர் சேர்ந்து போடும் பந்தயப் பணத்தைக் குறித்ததுதான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் இடத்துக்கு 'பூல் ரூம்' என்று பெயர். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே பொழுது போக அங்கே மேசை போட்டார்கள். ஆட்டத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஹஸ்லர் பந்திலோ மேசையிலோ எந்தத் தில்லுமுல்லும் செய்வதில்லை. தன் திறமையை மறைக்கிறான், அவ்வளவுதான். சின்னப் பந்தயத்தில் முதலில் தோற்பான். எளிய அடியை மயிரிழையில் தவறவிடுவான். பந்தயம் ஏறிய பிறகும் ஒன்றிரண்டு பந்து வித்தியாசத்தில்தான் ஜெயிப்பான். தோற்றவன் "இன்றைக்கு அதிர்ஷ்டமில்லை" என்று நினைத்து மறுபடி வர வேண்டுமே! பலருக்குப் பின்னால் முதல் போடும் ஆள் ஒருவர் இருப்பார். நஷ்டம் அவருடையது, லாபத்தில் பங்கு உண்டு. நெட் போல்ஸ்கி என்ற சமூகவியலாளர் இதையெல்லாம் கவனித்து 1967-ல் புத்தகமாகவே எழுதினார்.

இந்தத் தொழிலுக்கு முகம் தெரியாமல் இருப்பதுதான் மூலதனம். அதையும் விற்றுக் காசாக்கினார் ஒருவர். ருடால்ஃப் வாண்டரோன் என்ற பருத்த மனிதர், 'நியூயார்க் ஃபேட்ஸ்' என்று பெயரெடுத்தவர். படத்தில் 'மினசோட்டா ஃபேட்ஸ்' என்று ஒரு பாத்திரம். அது நான்தான் என்று சொல்லிக்கொண்டார். கதை எழுதிய வால்டர் டெவிஸ் மறுத்தும் பலனில்லை. ஊரெல்லாம் முகம் தெரிந்த பிறகு எவன் ஏமாந்து ஆட வருவான்? பேச்சையும் பெயரையும் வைத்தே பிழைத்தார்.

1961 முதல் இல்லினாய் மாநிலத்தின் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சிற்றூரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் ஹஸ்லர்களுக்கென்றே போட்டி நடத்தினார்கள். 1972-ல் சூதாட்டத்துக்காக மத்திய அரசு அதிகாரிகள் சோதனை போட்டார்கள். அத்தோடு முடிந்தது.

வில்லி மாஸ்கோனி வேறு ரகம். உலக சாம்பியன். 1954-ல் ஒரு பந்தும் தவறாமல் 526 பந்து போட்டவர். அந்தப் படத்துக்கு ஆட்ட ஆலோசகரும் அவரே. ஹஸ்லர்களால் ஆட்டத்துக்கே கெட்ட பெயர் என்று அவருக்குக் கோபம். 1978-ல் தொலைக்காட்சியில் இருவரும் மோதினார்கள். மாஸ்கோனி ஜெயித்தார். ஜனங்களைச் சிரிக்கவைத்தது என்னவோ வாண்டரோன்தான்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரைக்காலில் தங்கியிருந்தேன். ஒரு மாலை கேரம் பலகையில் வெளியூர்க்காரர் ஒருவர் ஸ்ட்ரைக்கரையே சரியாகப் பிடிக்கத் தெரியாதவர் போல ஆடினார். காசு வைத்து ஆடலாமா என்று கேட்டது அவரல்ல, நான். இரவு ஒன்பதுக்குள் பாதிச் சம்பளம் போய்விட்டது. அம்மாவுக்கு மணியார்டர் அனுப்பவில்லை. சம்பளம் தாமதம் என்று பொய்க் கடிதம் எழுதினேன். அம்மா நம்பினாள்.

பல வருஷம் அந்த ஆளைத் திட்டினேன். இப்போது திட்டுவதில்லை. ஆடத் தெரியாதவன் என்று நினைத்துத்தானே அவர் காசுக்கு ஆசைப்பட்டேன்? லார்நாக்கர் என்ற சொல்லில் அவருக்குப் பாதி என்றால் எனக்கும் பாதி உண்டு.