துண்டுச் சீட்டும் தொழிலாளர் பாதுகாப்பும்



பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ச்சி செய்யும் என் பழைய மாணாக்கி ஒருத்தி அண்மையில் ஹட்டனில் என்னைக் கண்டாள். "ஐயா, அரிசியும் லயமும் மருந்தும் தோட்டத்திலிருந்தே அக்காலத் தொழிலாளருக்குக் கிடைத்தனவே, அது பாதுகாப்பு அல்லவா?" என்று வினவினாள். அதற்கு விடையாக ஒரு சிறு காகிதத்தின் வரலாற்றைக் கூறினேன்.

1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆட்கள் வந்தாற் போதும். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறித்தல் வேண்டும். ஆதலால், தமிழகத்திலிருந்து வந்தோர் லயங்களில் நிலையாகக் குடியேறினர். வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம், அவர்கள் மண்வெட்டி எடுக்குமுன்னரே கடனாயிற்று.

அக்கடனைக் குறித்துத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே 'துண்டு'. வேறு தோட்டத்துரை அத்தொகையைச் செலுத்தினால் கங்காணியும் அவன் ஆட்களும் அங்குச் செல்லலாம். கடன் கைமாறியதேயன்றித் தீரவில்லை. கடனோடு மனிதரும் கைமாறினர்.

1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 தொடக்கம் உயர்மலைப் பகுதியில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டது. பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. 1931இல் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது 1984இல்தான்.

இதற்கிடையே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்தாரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்றது. தலைமன்னாரிற் கப்பலேறியவர்களுடன் லயம் வரவில்லை. தோட்டத்து மருந்தும் வரவில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் பெயரிற் சேர்ந்திருந்த ஊழியர் சேமலாப நிதியே அவர்களுக்கு உரியதாய் இருந்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

என் மாணாக்கிக்கு நான் சொன்னது இதுவே: வேலையை விட்டதும் பறிபோவது சலுகை, தொழிலாளி எங்குச் சென்றாலும் அவனுடன் செல்வதே பாதுகாப்பு. வீட்டையும் நிலத்தையும் இந்த அளவுகோலாலேயே அளந்து பார், அம்மா. தம் பெயரில் உறுதிப் பத்திரமின்றி லயத்தில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல உள. உன் ஆராய்ச்சி அவர்களிடமிருந்து தொடங்கட்டும்.