நகல் மேடையில் அசல்!

பாடகர் பீட்டர் கேப்ரியல் ஒருமுறை தன் பிள்ளைகளைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். அந்தக் காலத்தில் அப்பா மேடையில் என்னவெல்லாம் கூத்தடித்தார் என்று காட்டத்தான்! ஆனால், பாடியது அவர் இல்லை. அவரைப் போலவே வேஷம் கட்டிய வேறொருவர்!

‘ஜெனிசிஸ்’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவில் இருந்தவர் கேப்ரியல். 1972-ல் மனைவியின் சிவப்பு கவுனை மாட்டிக்கொண்டு, நரித்தலையோடு மேடையேறி ரசிகர்களை மிரளவைத்தவர். 1974-75 சுற்றுப்பயணத்தில் மூன்று திரைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் என்று அமர்க்களம். சுமார் நூறு கச்சேரிகள். ஒன்றையாவது முழுசாகப் படம்பிடித்தார்களா? ஊஹூம்! அதோடு கேப்ரியலும் விலகிவிட்டார்.

1993-ல், கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு குழு கிளம்பியது. பெயர், ‘தி மியூசிக்கல் பாக்ஸ்’. ஜெனிசிஸின் 1971-ம் வருடப் பாட்டு ஒன்றின் தலைப்பு அது. பழைய போட்டோக்கள், ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த டேப்புகள் என்று துருவித் துருவி... உடை, விளக்கு, வாத்தியம் எல்லாமே அச்சு அசல்! (பக்தியா, கிறுக்கா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது.) ஜெனிசிஸே அனுமதி தந்து, பழைய ஸ்லைடுகளையும் கொடுத்து உதவியது.

2005-ல் ஜெனீவாவில் இவர்கள் கச்சேரி. கடைசியில் அந்த ‘மியூசிக்கல் பாக்ஸ்’ பாட்டு. டிரம்ஸ் வாசிக்க வந்து உட்கார்ந்தவர், ஃபில் காலின்ஸ். 1971-ல் அதே பாட்டுக்கு வாசித்த அதே ஆள்!