ஆப்பிள் நத்தை வளர்ப்பின் வரலாறு

ஆப்பிள் நத்தை என்பது ஆம்புல்லாரிடே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நன்னீர் நத்தைகளின் பொதுப்பெயர் ஆகும். உருண்டு திரண்ட ஓட்டின் வடிவத்தால் இப்பெயர் வந்தது. செவுளும் நுரையீரலும் ஒருங்கே பெற்றிருப்பதால் இது நீரிலும் காற்றிலும் சுவாசிக்க வல்லது. தமிழக வயல்களிலும் குளங்களிலும் காணப்படும் பைலா குளோபோசா நத்தையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் மீன்தொட்டிகளில் வளர்க்கப்படுபவை பெரும்பாலும் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட போமாசியா பேரினத்தைச் சேர்ந்தவை. எளிதில் வளர்ந்து பெருகுவதே இவற்றின் சிறப்பு. அந்தச் சிறப்பே ஆசிய நெல்வயல்களுக்குக் கேடாகவும் முடிந்தது.

இனப்பெருக்கம்

போமாசியா நத்தைகளில் ஆண், பெண் தனித்தனியாக உள்ளன. இணைசேர்ந்த பெண் நத்தை விந்தணுக்களைப் பல வாரங்கள் உடலில் சேமித்து வைக்கும். எனவே கடையிலிருந்து தனியாக வாங்கிவந்த ஒரு பெண் நத்தைகூட முட்டையிடக் கூடும். பைலா நத்தை கரையோர ஈரமண்ணில் வெண்ணிற முட்டைகளை இடும். போமாசியா நத்தையோ இரவில் நீரைவிட்டு மேலேறி, தொட்டியின் கண்ணாடியிலோ செடித்தண்டிலோ கொத்தாக முட்டையிடும். ஒரு கொத்தில் சில நூறு முட்டைகள் வரை இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்து நீரில் விழும். முட்டைகள் நீரில் மூழ்கினால் அழிந்துவிடும். ஆகவே நத்தை வளர்ப்போர் நீர்மட்டத்திற்கு மேல் சுமார் 10 செ.மீ. இடம் விட்டுத் தொட்டியை மூடி வைப்பர். ஓடு உறுதியாக வளரச் சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீர் தேவை. செம்பு கலந்த மீன் மருந்துகள் நத்தைகளைக் கொல்லும்.

ஆசியாவிற்கு வந்த விதம்

1980 ஆம் ஆண்டையொட்டி, போமாசியா கனாலிகுலேட்டா என்ற இனம் அர்ஜென்டினாவிலிருந்து தைவானுக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கும் ஏற்றுமதிக்கும் ஏற்ற பண்ணைத் தொழிலாக இது கருதப்பட்டது. பொன்னிற ஓட்டினால் இது பொன் ஆப்பிள் நத்தை எனப் பெயர் பெற்றது. 1981 இல் ஜப்பானுக்கும், அடுத்த சில ஆண்டுகளில் பிலிப்பைன்சுக்கும் சென்றது. பிலிப்பைன்சில் ஏழைக் குடும்பங்களுக்குப் புரதமும் வருமானமும் தரும் கொல்லைப்புறத் தொழிலாக இதன் வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது.

எதிர்பார்த்த சந்தை அமையவில்லை. மக்கள் இதன் சுவையை அவ்வளவாக விரும்பவில்லை. கைவிடப்பட்ட நத்தைகளும் பண்ணைகளிலிருந்து தப்பியவையும் வாய்க்கால்களின் வழியே வயல்களை அடைந்தன. ஆழமற்ற நீர், இளம் நாற்று, முட்டையிடத் தண்டு, வரப்பு ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. வயல் காய்ந்தபோது நத்தைகள் ஓட்டின் வாயை மூடிச் சேற்றுக்குள் புதைந்து, அடுத்த பாசனத்தில் மீண்டும் வெளிவந்தன. 1980களின் இறுதிக்குள் பிலிப்பைன்சில் சுமார் 4 லட்சம் எக்டேர் நெல்வயல்கள் பாதிக்கப்பட்டன. பக்க வருமானம் தரும் என்று எண்ணிய உயிரினத்தை, நட்ட நாற்றைக் காப்பதற்காக உழவர்கள் கையால் பொறுக்கி அழிக்க வேண்டியதாயிற்று. முட்டைக் கொத்துகளை நசுக்குதல், வயலில் வாத்து விடுதல், நடவுக்குப் பின் நீரைக் குறைத்தல், முதிர்ந்த நாற்று நடுதல் ஆகியவை இன்றும் கையாளப்படும் முறைகள்.

இந்நத்தை எலி நுரையீரல் புழுவையும் சுமக்கக் கூடியது. 2006 இல் பெய்ஜிங்கில் சரியாக வேகாத நத்தையை உண்டவர்களிடையே மூளையுறை அழற்சி பரவியது.

சட்டங்கள்

ஜப்பான் 1984 இல் இதைத் தடுப்புக்காப்புக்குரிய பூச்சிபீடையாக அறிவித்தது. 2000 இல் வெளியான, உலகின் மிகத் தீங்கான 100 அயல் இனங்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. ஸ்பெயினின் எப்ரோ கழிமுக வயல்களில் போமாசியா நத்தைகள் பரவியதைத் தொடர்ந்து, 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் போமாசியா பேரினம் முழுவதையும் தடைசெய்தது.

வீட்டுத் தொட்டியில்

மீன்தொட்டிக்கு ஏற்றதாக இன்று கருதப்படுவது போமாசியா டிஃபூசா என்ற இனம். இது பெரும்பாலும் பாசியையும் அழுகிய இலைகளையும் உண்ணும். நல்ல செடிகளை அவ்வளவாகத் தின்பதில்லை. இரண்டு இனங்களிலும் மஞ்சள் ஓடு காணப்படுவதால் நிறத்தைக் கொண்டு அடையாளம் காண இயலாது. முட்டையே தெளிவான அடையாளம். டிஃபூசாவின் கொத்து வெளிர் பழுப்பு நிறமுடையது. கனாலிகுலேட்டாவின் கொத்து பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறமுடையது. டிஃபூசாவும் முற்றிலும் தீங்கற்றது என்று சொல்ல முடியாது. மீன்வளர்ப்பு வணிகத்தின் வழியே வந்து, இலங்கையின் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது.

நீருக்கு மேலே முட்டையிடும் இயல்பு வளர்ப்பவருக்கு ஒரு வசதியையும் தருகிறது. முட்டைக் கொத்து கண்ணில் படும். பொரிப்பதற்கு முன்பே அகற்றலாம். தேவைக்கு மிஞ்சிய கொத்தைச் சுரண்டி எடுத்து, உறைபெட்டியில் வைத்து உறையச் செய்த பின்னரே குப்பையில் இட வேண்டும். நத்தைகளையோ குஞ்சுகள் கலந்த தொட்டி நீரையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடலாகாது. தைவானிலும் பிலிப்பைன்சிலும் நேர்ந்த இழப்பு, வேண்டாத நத்தைகள் வாய்க்காலைச் சேர்ந்ததிலிருந்தே தொடங்கியது.