மந்தையும் களமும்: கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகள் விளையாடிய இடங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகளுக்கென்று தனியே இடம் ஒதுக்கி, வேலியடைத்து, ஊஞ்சல் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன்பு பெரியவர்களின் வேலை எங்கே நடந்ததோ, வேலை ஓய்ந்த பொழுதில் அந்த இடமே பிள்ளைகளுக்கு உரியதாயிற்று. முல்லையாற்றை ஒட்டிய ஊர்களில் இவற்றுள் முதன்மையானது மந்தை, அதாவது மேய்ச்சலுக்குப் புறப்படும் மாடுகள் வந்து கூடும் ஊர்ப் பொதுவிடம். மாடுகள் போனபின் அங்கே கிட்டிப்புள்ளும் பம்பரமும் கோலியும் நடந்தன. வெயில் ஏறியதும் ஆட்டம் நிழலுக்கு மாறி, திண்ணையில் பல்லாங்குழியாகவும், ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் சாவடியில் தாயமாகவும் ஆடுபுலியாகவும் தொடர்ந்தது.

மந்தைக்கு அடுத்தது நெற்களம். திருவிதாங்கூர் அரசுடன் 1886-இல் செய்துகொண்ட குத்தகை ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டிய பெரியாறு அணையின் நீர் 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டது. இன்று 14,707 ஏக்கர் என்று கணக்கிடப்படும் இருபோக வயல்கள் இந்த நீரை நம்பியவை. இருபோகம் என்றால் ஆண்டுக்கு இரண்டு அறுவடை. இரண்டு அறுவடை என்றால், சாணம் மெழுகிய களமும் அதன் ஓரத்தில் ஏறிக் குதிக்க வைக்கோற்படப்பும் இரண்டு முறை. நீர்ப்பாசன வரலாறு எழுதியவர்கள் இந்த வரவைக் கணக்கில் சேர்த்ததில்லை. குத்தகை கையெழுத்தான அதே காலத்தில்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தெருவைத் தவிர வேறிடம் இல்லாத ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு முற்றத்தில் மணலைக் கொட்டி வைத்தார்கள் என்பதும், அதிலிருந்தே அந்நாட்டின் பொது விளையாட்டுத் திடல் இயக்கம் கிளைத்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. முல்லையாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு அந்த மணல் ஆற்றிலேயே கிடந்தது.

குழந்தைக்கென்று ஓர் அறை வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியது விளையாட்டின் மீதான அக்கறை அன்று, தாயின் உழைப்பு தேவைப்பட்ட தொழில்துறையை ஒழுங்குபடுத்த வந்த சட்டமே. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமும், ஐம்பது பெண்கள் அளவில் வேலை செய்யும் இடங்களில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள காப்பக அறையையும், அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண்ணையும் நிர்வாகம் ஏற்படுத்த வேண்டும் என்றன. மேகமலைத் தேயிலைத் தோட்டங்களும் தேனி வட்டார நூற்பாலைகளும் இவற்றின் வரம்புக்குள் வந்தன. ஏலக்காய்த் தோட்டங்களோ 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தோட்டச் சட்டத்தில் பெயர் சுட்டிச் சேர்க்கப்பட்டன. போடியைத் தன் சந்தையாகக் கொண்ட ஒரு பயிருக்கு இது முப்பது ஆண்டுத் தாமதம். இதற்கிடையே 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடியும், 1982-இல் வந்த சத்துணவும், ஊருக்குள்ளேயே ஒரு கூரையைப் பிள்ளைகளுக்கு உரியதாக்கின.

கேளிக்கைக்காகவே அமைந்த இடங்களின் கதை சுருக்கமானது. 1959 ஜனவரியில் திறக்கப்பட்ட வைகை அணையின் இருகரைப் பூங்காக்கள், மைசூர்ப் பிருந்தாவனம் காட்டிய வழியில், அணையைப் பார்க்க வருவோரைக் குடும்பத்தோடு வரவழைத்தன. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ராட்டினம் போடும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகிறது என்பதிலிருந்தே அந்தச் சில நாள் ஆட்டத்துக்கு உள்ள கிராக்கி புரியும். தேனி போன்ற ஊர்களில் இப்போது மணிக்கணக்கில் காசு வாங்கும் உள்ளரங்கு விளையாட்டுக் கூடங்கள், பந்துக்குளமும் சறுக்குமரமுமாக, அந்தக் கிராக்கியை ஆண்டு முழுவதற்கும் நீட்டிக்கப் பார்க்கின்றன.

இவை எதுவும் எட்டாத பிள்ளைகளும் பள்ளத்தாக்கில் உண்டு. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் விடியுமுன் ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு, வேலையிடம் கேரளத்திலும் வீடு தமிழ்நாட்டிலுமாக இருப்பதால், தோட்டத்துக் காப்பகம் இருந்தாலும் கைக்குழந்தையை அந்த ஜீப் நெரிசலில் கொண்டுபோக முடிவதில்லை. ஊர் அங்கன்வாடியோ ஜீப் கிளம்பிப் பல மணி நேரம் கழித்தே திறக்கிறது. இடைப்பட்ட பொழுதில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது இன்றும் அம்மாச்சியோ அக்காளோதான்.